வைத்திருப்பதா, அனுப்புவதா: உயிரியல் பூங்கா யானைகளுக்கு முன்னுள்ள வழிகள்

நாற்பது வயதைக் கடந்த இரண்டு அல்லது மூன்று பெண் யானைகள், பல பத்தாண்டுகளுக்கு முன் கட்டிய ஒரு காங்கிரீட் கொட்டில், அதை ஒட்டி ஒரு திறந்தவெளி முற்றம். உலகின் பல உயிரியல் பூங்காக்களில் யானைப் பிரிவு இந்த நிலையில்தான் இருக்கிறது. கொட்டில் பழுதடையும்போதோ யானைகளில் ஒன்று இறக்கும்போதோ நிர்வாகத்தின் முன் ஒரு கேள்வி வந்து நிற்கும். இருப்பிடத்தைப் புதுப்பித்து இவற்றை இங்கேயே வைத்துக்கொள்வதா, பெரிய கூட்டம் உள்ள வேறொரு பூங்காவுக்கு அனுப்புவதா, பார்வையாளர் இல்லாத ஒரு புகலிடத்தில் விடுவதா, அல்லது புதிய யானை எதையும் வாங்காமல், இருப்பவை இருக்கும்வரை பராமரித்துப் பிரிவை மூடிவிடுவதா? இந்த விவாதங்களில் பெரும்பாலானவை ஏக்கர் கணக்கில் தொடங்கி ஏக்கர் கணக்கிலேயே முடிந்துவிடுகின்றன என்பது என் குறை. இடம் முக்கியமல்ல என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் பக்கத்தில் நிற்கும் யானை யார், காலுக்கடியில் இருப்பது மண்ணா காங்கிரீட்டா, உணவு எப்போது எப்படிக் கிடைக்கிறது என்ற மூன்றையும் கேட்டு முடித்த பிறகுதான் பரப்பளவைக் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

பூங்கா வாழ்க்கை யானைக்கு ஒத்துவரவில்லை என்பதற்கு அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் ஆதாரம் 2008இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வு. ஐரோப்பியப் பூங்காக்களில் இருந்த பெண் யானைகளின் பல பத்தாண்டுப் பதிவுகளை எடுத்துப் பார்த்ததில், பூங்காவில் பிறந்த ஆப்பிரிக்க யானைகளின் இடைநிலை ஆயுள், அதாவது பாதி யானைகள் இறந்துவிடும் வயது, 16.9 ஆண்டுகளாக இருந்தது. கென்யாவின் அம்போசெலியில் காட்டு வாழ்க்கை வாழ்ந்து இயற்கையாக இறந்தவற்றுக்கு அது 56 ஆண்டுகள். மனிதரால் கொல்லப்பட்டவற்றைச் சேர்த்துக் கணக்கிட்டால்கூட 35.9 ஆண்டுகள். பூங்காவில் பிறந்த ஆசிய யானைகளுக்கு 18.9 ஆண்டுகள், மியான்மரில் மரம் இழுக்கும் யானைகளுக்கு 41.7 ஆண்டுகள். காட்டில் உழைத்துத் தேய்ந்த யானை, உட்கார்த்திவைத்துத் தீனி போட்ட யானையைவிட இருமடங்குக்கும் மேல் வாழ்ந்திருக்கிறது. தைபே பூங்காவில் 86 வயது வரை வாழ்ந்து 2003இல் இறந்த லின் வாங் போன்ற விலக்குகள் உண்டு. ஆய்வில் இடம்பெற்ற யானைகளில் பல பழைய பராமரிப்பு முறைகளின் காலத்தவை என்ற மறுப்பும் உண்டு. அதை நியாயமான மறுப்பாகவே ஏற்கலாம். என்றாலும் அதே ஆய்வு சொன்ன இன்னொரு செய்தி முடிவெடுப்பவர்களுக்கு இந்த எண்களைவிடப் பயன்படும். பூங்காவிலிருந்து பூங்காவுக்கு மாற்றப்பட்ட ஆசிய யானைகளின் இறப்பு அபாயம் அதற்கடுத்த சில ஆண்டுகள் வரை கூடியே இருந்தது. இடமாற்றத்துக்கும் ஒரு விலை உண்டு என்பதே இதன் பொருள்.

2016இல் வட அமெரிக்காவின் 68 பூங்காக்களைச் சேர்ந்த 255 யானைகளை வைத்து நடந்த ஆய்வுத் தொடர் இன்னும் நுணுக்கமாகப் பார்த்தது. அங்கே யானைகள் சராசரியாக ஒரு நாளைக்கு 5.34 கிலோமீட்டர் நடந்தன. எதிர்பார்த்ததற்கு மாறாக, அந்த நடை முற்றத்தின் பரப்பளவோடு சேர்ந்து கூடவில்லை. உணவு கிடைக்கும் நேரம் யானைக்கு முன்கூட்டியே தெரியாதபடி மாறிமாறி அமைந்த இடங்களில்தான் கூடியது. எடை பார்த்ததில் நான்கில் மூன்று யானைகள் பருத்திருந்தன. கால் நோயும் மூட்டு நோயும் கெட்டித் தரையில் நிற்கும் நேரத்தோடு தொடர்புபட்டிருந்தன. நின்ற இடத்தில் ஆடிக்கொண்டே இருக்கும் பழக்கம், தீனி தின்பதற்கு அடுத்தபடியாக அதிகம் காணப்பட்ட செயலாக இருந்தது. தனியே அடைத்துவைக்கும் நேரம் கூடக்கூட அந்த ஆட்டமும் கூடியது. இளம் யானைகளோடு சேர்ந்திருந்தவற்றிடம் அது குறைந்து காணப்பட்டது.

அந்த ஆட்டத்தை ஒருமுறை நின்று பொறுமையாகப் பார்த்தவர்களுக்கு அதை மறப்பது கடினம். மாலை நெருங்குகிறது, கொட்டிலின் கதவு திறக்க இன்னும் அரை மணி இருக்கிறது. யானை கதவுக்கு நேரே வந்து நிற்கிறது. முன்கால்களில் ஒன்றை அரையடி தூக்கி வைக்கிறது. உடல் இடப்பக்கம் சாய்கிறது. துதிக்கை மணியின் நாக்கு போல எதிர்ப்பக்கம் வீசுகிறது. பிறகு அப்படியே திரும்புகிறது. நிமிடத்துக்கு நிமிடம் அளவு மாறாது. முன்னங்கால்கள் பதியும் இடத்தில் மட்டும் தரை வழவழப்பாகத் தேய்ந்திருக்கும். கம்பிக்கு இப்பால் நிற்கும் குழந்தைகள் யானை நடனமாடுகிறது என்று கைதட்டுவார்கள். 'யானை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும்' என்று நம் பழமொழியே அசைவை யானையின் இயல்பாக வைத்துவிட்டது. அதைச் சொன்னவர் பார்த்ததும் கட்டிவைத்த யானையாகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. ஒன்றை மட்டும் கவனத்தில் வைக்க வேண்டும்: பல ஆண்டுகள் ஊறிப்போன ஆட்டம், வாழ்க்கை மேம்பட்ட பிறகும் எளிதில் முழுதாக மறைவதில்லை. ஆகவே புதிய இடத்துக்குப் போன யானை இன்னும் ஆடுகிறது என்பது மட்டுமே அந்த இடத்தைக் குறை சொல்லப் போதாது.

முதல் வழி, இங்கேயே வைத்துத் திருத்துவது. இதில் கட்டுமானத்தைவிடப் பராமரிப்பு முறையே பெரிய மாற்றத்தைத் தருகிறது. காங்கிரீட்டின் மேல் ஆழமாக மணல் கொட்டுவது, சாய்ந்து படுக்க மணல் மேடு அமைப்பது, இரவில் யானைகளைத் தனித்தனி அறையில் பூட்டாமல் சேர்த்து விடுவது, தழையை உயரத்தில் தொங்கும் வலைகளிலும் சுவர்த் துளைகளுக்குள்ளும் மறைத்து நாள் முழுதும் தேடவைப்பது ஆகியவற்றுக்கு ஆகும் செலவு புதிய மாளிகை கட்டும் செலவில் சிறு பங்குதான். அங்குசத்தைக் கைவிட்டு, ஆளுக்கும் யானைக்கும் இடையே எப்போதும் ஒரு தடுப்பு இருக்கும்படியான முறைக்கு மாறுவதும் இதில் அடங்கும். அந்த முறையில் யானை கம்பிச் சுவரின் இடைவெளி வழியாகத் தன் பாதத்தை நீட்டி ஒரு தாங்கியின் மேல் வைக்கிறது. பராமரிப்பாளர் வளைந்த கத்தியால் உள்ளங்கால் தோலைச் சீவுகிறார். நக இடுக்கில் புதைந்த கல்லை நெம்பி எடுக்கிறார். சீழ் கோத்திருக்கிறதா என்று அழுத்திப் பார்க்கிறார். இன்னொருவர் மறுபக்கத்தில் தீனித் துண்டை நீட்டிக்கொண்டிருக்கிறார். பிடிக்காவிட்டால் யானை காலை இழுத்துக்கொண்டு நடந்துவிடலாம். அதற்காக அதற்குத் தண்டனை கிடையாது. கெட்டித் தரையில் வாழும் யானைக்கு நகவெடிப்பு சீழாகி, சீழ் எலும்பை அரித்து, இறுதியில் மருந்தூட்டிச் சாகவைக்க வேண்டிய நிலை வருவது பூங்காக்களின் நெடுநாள் துயரம் என்பதால், இந்தப் பத்து நிமிட வேலையை ஏக்கர் கணக்குக்கு மேலாக வைக்கிறேன்.

ஆனால் பணம் திரட்டும் நிர்வாகங்கள் பொதுவாகச் சிந்திப்பது மணலைப் பற்றி அல்ல. பெரிய கட்டடத்தைப் பற்றி. பெரிய கட்டடங்களில் நல்லவை இல்லாமல் இல்லை. டப்ளின் பூங்கா 2007இல் ஆசிய யானைகளுக்காகத் திறந்த வளாகமும், சூரிச் பூங்கா 2014இல் 11,000 சதுர மீட்டரில் அமைத்த வளாகமும், போர்ட்லண்டில் ஆரிகன் பூங்கா 2015இல் ஆறு ஏக்கரில் அமைத்ததும் இத்துறையில் முன்மாதிரிகளாகப் பேசப்படுபவை. இவற்றில் டப்ளினும் சூரிச்சும் தாய், மகள், பேத்தி என்று உறவு வழியில் வளரும் கூட்டத்தை மையமாக வைத்தவை. கன்று பிறப்பதைக் கூட்டமே சுற்றி நின்று பார்க்கும் இடங்கள் இவை. இங்கும் துன்பம் வந்தது. யானைகளைத் தாக்கும் ஹெர்ப்பிஸ் வகை வைரஸ், குறிப்பாக இளம் ஆசிய யானைகளை உள்ளுக்குள் இரத்தக் கசிவு ஏற்படுத்திச் சில நாட்களிலேயே கொன்றுவிடக்கூடியது, சூரிச்சில் 2022இலும் டப்ளினில் 2024இலும் யானைகளைப் பலிகொண்டது. அந்த வைரஸ் காட்டிலும் உண்டு என்பதால் பூங்காவை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. ஹூஸ்டன் பூங்காவில் 2024இல் முதல் தடுப்பூசி ஒரு யானைக்குப் போடப்பட்டிருக்கிறது. நம் கேள்விக்கு இதிலிருந்து கிடைக்கும் விடை இதுதான்: ஏற்கெனவே உறவுக் கூட்டம் ஒன்று இருந்தால், அதைக் கலைக்காமல் அங்கேயே வசதிகளைப் பெருக்குவது தகும். கன்று ஈனும் வயதைக் கடந்த இரண்டு முதிய யானைகளை வைத்துக்கொண்டு அதே மாதிரிக் கட்டடம் எழுப்பும் பூங்கா, சீக்கிரமே அந்தக் கட்டடத்தை நிரப்ப வெளியிலிருந்து யானைகளைத் தேட வேண்டியிருக்கும். கட்டியது யாருக்காக என்ற கேள்வி அப்போது எழும்.

இரண்டாவது வழி, பெரிய கூட்டமுள்ள வேறு பூங்காவுக்கு அனுப்புவது. இதற்கு அண்மை எடுத்துக்காட்டு லாஸ் ஏஞ்சலஸ். 1989 முதல் அங்கிருந்த பில்லி என்ற ஆண் யானையைப் பற்றிய வழக்கில் 2012இல் ஒரு நீதிபதி, முற்றத்தின் மண்ணை அவ்வப்போது உழுது இளக்க வேண்டும் என்றுகூட ஆணையிட்டார். அத்தீர்ப்பு 2017இல் மேல்முறையீட்டில் கவிழ்ந்தது. மற்ற இரண்டு பெண் யானைகள் இறந்து பில்லியும் டினா என்ற பெண் யானையும் மட்டும் எஞ்சியபோது, புகலிடத்துக்கே அனுப்ப வேண்டும் என்று நகரில் பலர் கோரினர். பூங்காவோ குறைந்தது மூன்று யானைகளாவது சேர்ந்திருக்க வேண்டும் என்ற, பூங்காக்களுக்கு அங்கீகாரம் தரும் அமெரிக்கச் சங்கத்தின் விதியைச் சுட்டிக்காட்டி, 2025 மே மாதம் இரண்டையும் டல்சா பூங்காவுக்கு அனுப்பியது. இவ்வழியின் வலிமை வெளிப்படையானது: மருத்துவர், பயிற்சி பெற்ற ஆட்கள், ஆண் யானையை மத காலத்தில் வைத்துக்கொள்ளும் வலுவான கட்டமைப்பு, எல்லாவற்றுக்கும் மேலாக வேறு யானைகள். அதன் பலவீனமும் அங்கேயேதான் இருக்கிறது. யானை மேய்ச்சல் மாடு அல்ல. எண்ணிக்கை சேர்ந்தால் கூட்டம் ஆகிவிடாது. அறிமுகமில்லாத பெண் யானைகளை ஒரு முற்றத்தில் விட்டால் தள்ளுமுள்ளும் வாலைக் கடிப்பதும் மாதக்கணக்கில் நீளலாம். சில இணை ஒருபோதும் ஒட்டுவதில்லை. மேலும், ஒருமுறை பூங்காக்களுக்கிடையேயான இனப்பெருக்க ஏற்பாட்டுக்குள் போன யானை மறுமுறையும் மாற்றப்படாது என்பதற்கு எழுத்தில் உறுதி வாங்காவிட்டால் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

மூன்றாவது வழியான புகலிடம் என்ற சொல்லைச் சற்று விளக்க வேண்டும். இங்கே நான் குறிப்பது காட்டுயிர்ச் சரணாலயத்தை அல்ல. பூங்காக்களிலிருந்தும் சர்க்கஸ்களிலிருந்தும் வந்த யானைகளை, இனப்பெருக்கம் செய்விக்காமல், காட்சிக்கு வைக்காமல், நூற்றுக்கணக்கான ஏக்கரில் வேலியிட்டுப் பராமரிக்கும் இடத்தை. 1995இல் தொடங்கிய டென்னசி புகலிடமும், கலிபோர்னியாவில் 2,300 ஏக்கரில் உள்ள புகலிடமும், 2016 முதல் இயங்கும் பிரேசில் புகலிடமும் இவ்வகை. டெட்ராய்ட் பூங்கா 2004இல் தன் இரண்டு ஆசிய யானைகளான விங்கியையும் வாண்டாவையும் விட்டுவிட முடிவு செய்தபோது, நீண்ட குளிர்காலத்தில் கொட்டிலுக்குள்ளேயே நிற்க நேர்ந்து மூட்டுவாதம் முற்றுவதைக் காரணமாகச் சொன்னது. வேறொரு பூங்காவுக்கு அனுப்புமாறு சங்கம் முதலில் சொன்னது. இறுதியில் 2005இல் இரண்டும் கலிபோர்னியாவுக்கே போயின. விங்கி 2008இலும் வாண்டா 2015இலும் இறந்தன. பிரிக்காமல் இணையாக அனுப்பினார்கள் என்பதே அம்முடிவில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. டொரண்டோவில் 2011இல் நகர மன்றம் பூங்கா நிர்வாகத்தின் விருப்பத்தை மீறி வாக்களித்து மூன்று ஆப்பிரிக்க யானைகளைப் புகலிடத்துக்கு அனுப்பப் பணித்தது. காசநோய் அச்சம், சங்க அங்கீகாரத்தை இழந்தது என்று இழுபறி நீண்டு 2013 அக்டோபரில்தான் யானைகள் போய்ச் சேர்ந்தன. அவற்றில் இரிங்கா 2015இல் இறந்தது. முடிவு சரியாக இருந்தாலும் இரண்டாண்டு இழுபறியில் கரைந்தது முதிய யானையின் காலம்தான்.

இவ்வழியின் உச்சம் என்று காவன் என்ற ஆண் யானையின் பயணத்தைச் சொல்வார்கள். 1985இல் இலங்கையிலிருந்து இஸ்லாமாபாத் பூங்காவுக்கு வந்த காவன், தன் துணை 2012இல் இறந்தபின் எட்டாண்டு தனித்திருந்தது. 2020இல் இஸ்லாமாபாத் உயர் நீதிமன்றம் உத்தரவிட, நவம்பர் இறுதியில் விமானத்தில் கம்போடியாவுக்குப் போனது. விமானத்தைவிட அதற்கு முந்தைய மாதங்களே பாடமாக வேண்டியவை: கரும்பைக் குறைத்து எடையை இறக்கியதும், பெட்டிக்குள் தானாக நடந்து போகப் பழக்கியதும். யானையின் நுரையீரல் மார்புச் சுவரோடு ஒட்டியிருப்பதால் மயக்கத்தில் மார்பின்மேல் நெடுநேரம் கிடந்தால் மூச்சு திணறும். ஆகவே நீண்ட பயணத்தில் அது நின்றபடியே, ஓரளவு விழிப்போடு போக வேண்டும். கம்போடியாவில் வேலிக்கு அப்பால் நின்ற இன்னொரு யானையின் துதிக்கையைக் காவன் தொட்ட படம் உலகெங்கும் பரவியது. அர்ஜென்டினாவின் மெண்டோசாவில் குழி போன்ற அடைப்பிலிருந்து 2022 மே மாதம் பிரேசிலுக்குப் போன போச்சாவும் அதன் மகள் கில்லர்மினாவும் அந்த அளவு பேசப்படவில்லை. மகள் அந்தக் குழியிலேயே பிறந்தது. தாய் அதே ஆண்டு அக்டோபரில் இறந்தது. ஐந்து மாதப் புல்தரைக்காக இவ்வளவு தூரம் தேவையா என்று கேட்பவர்கள் உண்டு. மகள் குழிக்குள் தனியே நிற்காமல் வேறு யானைகளுக்கு நடுவில் நின்றது என்பதே என் பதில்.

புகலிடத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. அந்தப் பெயரைப் பலகையில் எழுத எந்தத் தகுதியும் தேவையில்லை என்பதால், யானைச் சவாரி விடும் இடங்களும் அப்பெயரில் இயங்குகின்றன. நன்கொடையை நம்பி நடப்பவற்றுக்கு இருபது ஆண்டுக்கான நிதி எங்கிருந்து வரும் என்று கணக்கைக் கேட்க வேண்டும். யானையைக் கட்டித் தீனி போடுவது என்றால் என்னவென்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. காசநோய் இன்னொரு கவலை. 2009இல் டென்னசியில் ஒரு யானைப் புகலிடத்தில் நோயுற்ற யானையிடமிருந்து பணியாளர் சிலருக்குத் தொற்று பரவியது. மத காலத்து ஆண் யானையை ஏற்கும் புகலிடங்கள் மிகச் சிலவே.

நான்காவது வழி காகிதத்தில் மிகவும் நாகரிகமாகத் தோன்றும்: இனி வாங்க மாட்டோம், இருப்பவற்றைக் கடைசிவரை பார்த்துக்கொள்வோம். நியூயார்க்கின் பிராங்ஸ் பூங்கா 2006இல் இப்படித்தான் அறிவித்தது. கண்ணாடியில் தன்னைத் தானே அடையாளம் கண்டதாக அதே ஆண்டு ஆய்விதழில் இடம்பெற்ற ஹேப்பி என்ற யானை, பல ஆண்டுகள் துணையின்றி அங்கே வைக்கப்பட்டிருந்தது. அதை விடுவிக்கக் கோரிய வழக்கு 2022இல் நியூயார்க்கின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் 5-2 என்று தள்ளுபடியானது. இவ்வழியில் மறைந்திருக்கும் கொடுமை என்னவென்றால், மூன்றில் ஒன்று இறந்தால் இரண்டு, இரண்டில் ஒன்று இறந்தால் ஒன்று. கடைசி யானைக்கு யாரும் திட்டம் எழுதுவதில்லை. டெல்லியில் ஜிம்பாப்வே அன்பளிப்பாக 1998இல் வந்த சங்கர் என்ற ஆப்பிரிக்க யானை, துணை இறந்தபின் இருபதாண்டுக்கும் மேல் தன் இனத்தாரின்றி இருந்து 2025 செப்டம்பரில் இறந்தது. பூங்கா யானைகளை வேறிடத்துக்கு மாற்றுமாறு மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் 2009லேயே அறிவுறுத்தியிருந்த நாட்டில் நடந்தது இது. கனடாவின் எட்மண்டனில் 1977 முதல் இருக்கும் லூசியின் கதை இன்னும் கசப்பானது. அதன் துணை 2007இல் இனப்பெருக்கத்துக்காக வேறு பூங்காவுக்கு அனுப்பப்பட்டது. லூசியை அனுப்புங்கள் என்ற கோரிக்கைக்கு மூச்சுக் கோளாறு தடை என்று பூங்கா சொல்லிவந்தது. 2022இல் வெளியிலிருந்து வந்து பரிசோதித்த வல்லுநர்களும் குருதியில் ஆக்ஸிஜன் குறைவதைக் கண்டனர். பயணம் ஆகாது என்பது இப்போது உண்மையாகவே இருக்கலாம்; 2007இல் அது உண்மையாக இருந்ததா என்பதுதான் கேள்வி.

காட்டில் விடலாமே என்ற ஐந்தாவது வழியும் அவ்வப்போது எழும். தாய்லாந்தில் வேலை யானைகளைப் பாதுகாக்கப்பட்ட காடுகளில் விடும் முயற்சி 1997 முதல் நடக்கிறது. ஆனால் பூங்காவில் நாற்பது ஆண்டு வாழ்ந்து மனிதரை அஞ்சாத யானை, நீரும் தீனியும் தேடப் பழகாத நிலையில், முதலில் போய் நிற்பது பயிர் வயலில்தான். நம் மூன்று முதிய யானைகளுக்கு இது வழியே அல்ல.

ஆக, எனக்கு முடிவைக் கேட்டால் யானையின் பெயரைக் கேட்டுத்தான் சொல்வேன். உறவுக் கூட்டமாகக் கன்றுகளோடு வாழ்பவை இருந்தால் அங்கேயே வைத்து, மணலும் இரவுச் சுதந்திரமும் தரட்டும். ஒட்டி வாழும் இரண்டு முதிய பெண் யானைகள், குளிர் குறைந்த இடம், நல்ல கால்பராமரிப்பு என்றால் அவையும் இருக்கலாம். ஆனால் ஒன்று இறந்தால் மற்றொன்று எங்கே போகும் என்பது இருவரும் உயிரோடிருக்கும்போதே ஒப்பந்தமாக எழுதப்பட்டிருக்க வேண்டும். ஏற்கெனவே தனித்துப்போன பெண் யானைக்கு, பயணம் தாங்கும் உடல் இருந்தால், புகலிடமே என் முதல் தேர்வு. மற்ற யானைகளை நெருங்கவும் விலகவும் தானே முடிவெடுக்க அங்கேதான் அதற்கு இடம் கிடைக்கும். பரப்பளவு உண்மையில் பயன்படுவது இந்த இடத்தில்தான். ஆண் யானைக்கு வலுவான கட்டமைப்புள்ள பூங்கா கிடைத்தால் அதைத் தாழ்வாக எண்ண மாட்டேன்.

எந்த வழியானாலும் முதல் மாதத்தில் செய்ய வேண்டிய வேலைகள் ஒன்றே. நான்கு பாதங்களையும் எக்ஸ்-ரே எடுக்க வேண்டும். எடை பார்க்க வேண்டும். துதிக்கைக்குள் உப்புநீர் ஊற்றி, அதைத் தூக்கி ஆட்டவைத்து, பைக்குள் ஊதச் செய்து, வெவ்வேறு நாட்களில் மூன்று மாதிரிகள் சேகரித்துக் காசநோய்ச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். பயணப் பெட்டியை முற்றத்தின் ஓரத்தில் இருபக்கக் கதவும் திறந்தபடி இறக்கி, அன்றாடத் தழையில் ஒரு கட்டை அதற்குள் போட்டுவைக்கலாம். முதல் நாள் யானை வாசலில் நின்று துதிக்கையை மட்டும் நீட்டும். குழு கூடி விவாதித்து முடிப்பதற்குள் அது உள்ளே போய்த் தின்றுவிட்டு மறுபக்கமாக வெளியே வரப் பழகியிருக்கும்.